ஏகாம்பரம் சாகவில்லை: அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை

சாகாத ஒருவர் சாகவில்லை என்பதை நேரில் பார்த்து எழுதி வாங்கிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் சென்னைக்குப் போனேன். கோயில், சேலை, நகை என்று கிளம்பியவர்களுக்கு நடுவே இப்படி ஒரு காரணத்தோடு விமானத்தில் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் எனக்கு வேலை. இருபது வருடமாக அதன் செய்தி மடலைத் தொகுக்கிறேன். எந்தப் பேராசிரியர் எந்த மாநாட்டில் பேசினார், எந்த மாணவர்கள் எந்தப் போட்டியில் கோப்பை தூக்கினார்கள், எந்தப் பழைய மாணவர் எந்த வங்கியில் துணைத் தலைவர் ஆனார், இதுதான் என் உலகம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் அஞ்சலிச் செய்திகள் வரும். அந்தக் கட்டம்தான் என்னை அம்பத்தூரில் கொண்டுவந்து இறக்கியது.

நடந்தது இதுதான். கிள்ளானில் இருக்கும் குணா என்பவர் தன் வகுப்பு நண்பர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி எனக்கு அனுப்புவார். அவர் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போயிருக்கிறார். வேன் ஆவடியைத் தாண்டிப் பட்டாபிராம் பக்கம் போகும்போது சாலையோரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் தன்னோடு படித்த ஏகாம்பரத்தின் முகம், பெரிதாக. தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஓடுகிற வேனிலிருந்தே ஒரு படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஏகாம்பரம் மலேசியாவை விட்டுப் போனதோடு அவருடைய பழைய நம்பரும் போய்விட்டதால் அவர் குழுவில் இல்லை. அறுபது பேர் துக்கம் தெரிவித்தார்கள். ஒருவர்கூட விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. குணா அதையெல்லாம் எனக்கு அனுப்ப, மூன்று வரி எழுதி அச்சுக்கு அனுப்பினேன். பள்ளியின் பதிவேட்டிலும் அவர் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று ஏறிவிட்டது.

சில மாதம் கழித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஏகாம்பரம் என்பவர் எங்களிடம் வேலை கேட்டு வந்திருக்கிறார், உங்களிடம் படித்தது உண்மைதானா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரோ ஒரு கெட்டிக்காரர் பதிவேட்டைப் பார்த்து, “இவர் காலமாகிவிட்டார், இவர் பெயரில் வருபவரிடம் எச்சரிக்கையாக இருக்கவும்” என்று பதில் போட்டார். மறுநாள் வந்த மெயிலை நான் அப்படியே தமிழில் தருகிறேன்: “நீங்கள் காலமாகிவிட்டதாகச் சொல்பவர் செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் இரண்டு காபி குடித்தார். தயவுசெய்து விளக்கவும்.”

எங்கள் டீன் சீனர். அவர் கோபப்பட்டால் குரல் தணிந்துவிடும். “சாகடித்தது நீதான். நீயே போய் எழுப்பிவிட்டு வா” என்றார். வீடியோவில் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். பதிவேட்டில் செத்தவரை மறுபடி உயிரோடு காட்ட வேண்டுமென்றால் பள்ளி அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படி ஒரு விதி இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில் கண் விழித்தேன். பசியாறக் கீழே இறங்கினால் இட்லியோடு வடகறி வைத்தார்கள். வடையை உதிர்த்துப் போட்டுக் காரமாக ஒரு குழம்பு. நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று நாளில் நன்றாக இருந்தவை அதிகமில்லை. எங்கள் ஊரில் பெரிய கிளாஸில் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரே டீ ஒன்றை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து பேசலாம். இங்கே டீ கிளாஸ் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிட்டு எல்லோரும் ஓடுகிறார்கள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் பெயர், ஊர், வந்த காரணம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, ‘உயிர் பற்றிய விசாரணை’ என்று எழுதினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்சூரன்ஸ்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்காரச் சொன்னார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

பணியாளர் பிரிவில் இருந்த பெண்ணின் பெயர் கவிதா. கரூர்க்காரி, முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் சிரிப்பே இல்லை.

“மேடம், இது விளையாட்டு இல்லீங்க. அவரு ஃபைல்ல ‘ஆள்மாறாட்டம்’னு குறிச்சிருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் அந்த இடத்தைப் புடிச்சு வெப்பாங்க. அதுக்குள்ள உங்க காலேஜ்ல இருந்து திருத்தின கடிதம் வரலைன்னா, வேலை போறதோட முடியாதுங்க. மத்த கம்பெனிக்கும் இந்தத் தகவல் போயிடும். அம்பத்தூர்ல அவரு வேற எங்கயும் ஏறி இறங்க முடியாது.”

“அவருகிட்ட சொன்னீங்களா?”

“விசாரணை நடக்கறப்ப சொல்லக் கூடாதுங்க. அவரு செத்துப் போயிட்டதா நீங்க எழுதினதே அவருக்குத் தெரியாது.”

வீட்டு முகவரி கேட்டேன். கொடுக்கக் கூடாது என்றாள். அவரை இங்கே வரச் சொல்லலாமே என்றேன். அதுவும் கூடாதாம். நான் நாலாயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி வந்தேனா மூவாயிரமா என்பது எனக்கே சரியாகத் தெரியாது, ஆனால் அதைச் சொல்லிச் சத்தம் போட்டேன். அவள் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “பருத்திப்பட்டு ஏரிப் பக்கம்னு நெனைக்கிறேன். நான் சொல்லலீங்க” என்றாள். நல்ல பெண்.

லாட்ஜுக்கு வந்து போன் செய்தேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

“ஏகாம்பரம் சாரா? மலேசியாவுல நீங்க படிச்ச யூனிவர்சிட்டியிலிருந்து பேசுறேன்.”

“சொல்லுங்க.”

“எங்க பதிவேட்டுல நீங்க இறந்துட்டதா இருக்கு. அதைச் சரி பண்ணணும். உங்க பாஸ்போர்ட் நம்பரை மட்டும் கொஞ்சம் சொல்லுங்க.”



“அப்பால ஓடிபி ஒண்ணு வருமா?”

“இல்ல சார், ஓடிபி எல்லாம் வராது.”

“போன மாசம் ஒருத்தன் உன் பார்சல்ல கஞ்சா கீதுன்னான். இப்போ நீ நான் செத்துட்டேன்ற. நல்லாக் கெளம்பிக்கினு வர்றீங்கமா. வையி போன.”

மறுபடி அழைத்தேன். என் நம்பரைத் தடுத்துவிட்டார். லாட்ஜ் வரவேற்பறை போனிலிருந்து அழைத்தேன். “வேற நம்பரா? எத்தினி பேரு கீறீங்க உங்க கும்பல்ல?” என்று கேட்டுவிட்டு அதையும் தடுத்தார். மூன்றாவது நம்பரைத் தேட எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் பருத்திப்பட்டுக்குக் கிளம்பினேன். டிரைவர் வழியிலேயே வண்டியைத் திருப்பி கேஸ் போடும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் இருபது ஆட்டோ.

“அண்ணே, நான் அவசரமா போகணும்லா.”

“கேஸ் இல்லாம வண்டி எப்படிக்கா போவும்? ரெண்டு நிமிசம்.”

ஐம்பது நிமிடம் ஆனது. எங்கள் ஊரில் பயணியை ஏற்றிக்கொண்டு யாரும் எண்ணெய் போடப் போவதில்லை, போனால் சண்டை வரும். இங்கே எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்களிலும் பயணிகள் இருந்தார்கள், எல்லோரும் அமைதியாக போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் கொதித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்ததும் இன்னும் கொதித்தது.

பருத்திப்பட்டில் ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. ஏகாம்பரத்தின் இப்போதைய படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது குணா வேனிலிருந்து எடுத்தது. மாணவராக இருந்தபோது எடுத்த படம் பதிவேட்டில் இருந்தது, ஆனால் அதில் மீசையும் இல்லை, தொப்பையும் இல்லை. ஆகவே குணாவின் படத்தைக் காட்டியே விசாரிக்கத் தொடங்கினேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று தலைக்கு மேல் எழுதிய படத்தை, தூங்காத கண்ணோடு ஒரு வெளியூர்க்காரி காட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

முதலில் ஒரு பூக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, ஏகாம்பரமா? நல்ல மனுசனாச்சே. நீ இன்னா ஓணும் அவனுக்கு?” நான் பதில் சொல்வதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். இஸ்திரிக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து நின்றார். ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டார். நான் “இல்லைங்க, அவர் சாகலை” என்று சொல்லச் சொல்ல, “அதிர்ச்சில பேசுது பாவம்” என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் பூக்கார அம்மா மாலை கட்டவே ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதரைக் கோலாலம்பூரில் ஒரு தடவை சாகடித்தது போதாது என்று அவருடைய சொந்த ஊரிலேயே வந்து இரண்டாவது தடவையும் சாகடித்துவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். சட்டையெல்லாம் மை. டில்லிபாபு, அடுத்த தெருவில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். என் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, இது நம்ம கடைல அடிச்ச ஃபிளெக்ஸு. இதுல ஏகாம்பரம் எங்க செத்தான்? வாங்க, காட்டறேன்.”

அவர் கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து முழு பேனரையும் காட்டினார். ஒரு திரை முழுவதும் ஆண்கள். நெஞ்சில் கை கட்டியவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், போனில் பேசுவதுபோல் நிற்பவர் என்று பதினொரு பேர். நடுவில் எல்லோரையும்விடப் பெரிதாக ஏகாம்பரம், கைகூப்பியபடி. கீழே ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’ என்று எழுதி அவர்கள் பெயர்கள். இடது மூலையில், மேலே, ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் முகம். குணாவின் படத்தில் அந்த மூலையே விழவில்லை.

“செத்தது இவங்க. தமிழரசி அக்கா, ஏகாம்பரத்தோட ஊட்டுக்காரம்மா. இவன் துக்கப்படறவன்க்கா.”

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி என்று போட்டால் அதில் ஒரே ஒரு படம்தான் இருக்கும், அது இறந்தவருடையது. உயிரோடு இருப்பவர்கள் தங்கள் படத்தைப் போட்டுக்கொள்வார்கள் என்று எந்த மலேசியனுக்குத் தோன்றும்?

“செத்தவங்க படத்தை இத்துனூண்டு போட்டு, இருக்கிறவங்க படத்தை இவ்வளவு பெருசா போடுவாங்களா?” என்று கத்தியேவிட்டேன்.

டில்லிபாபு கோபித்துக்கொள்ளவில்லை. “இருக்கறவன்தானக்கா அடுத்த ஃபிளெக்ஸுக்கு நம்மளாண்ட வருவான்” என்றார். பிறகு அவர் முகம் மாறியது. “நாலே நாள் ஜுரம்க்கா. அவனுக்கு ஒண்ணுமே ஓடல. ஃபிரண்ட்ஸுங்க நாங்களாத்தான் வெச்சோம். அவன் அதப் பாக்கவே வர்ல.”

அந்த வட்டத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப் புள்ளிபுள்ளியாகிவிட்டது. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. ஒரு பெண் இறந்திருக்கிறாள், அந்தச் செய்தியை வைத்து நான் வேறொருவரைச் சாகடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

டில்லிபாபுவே ஏகாம்பரத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“டேய் மாமே, எங்க கீற?”

“வேப்பம்பட்டுல. பூக்காரம்மா இப்போதான் போன் பண்ணி நீ கீறியா நைனான்னு கேட்டு அழுவுது. எவளோ ஒருத்தி நான் செத்துட்டேன்னு அங்க சுத்திக்கினு கீறாளாமே?”

“அவங்க என் பக்கத்துலதான் கீறாங்க.”

“புடிச்சி வையி. போலீஸோட வரேன்.”

டில்லிபாபு பத்து நிமிடம் பேசி அவரை வழிக்குக் கொண்டுவந்தார். பருத்திப்பட்டு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வேப்பம்பட்டில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் ஏகாம்பரம். அன்றைக்குத் தளம் போடுகிறார்கள், நகர முடியாது. “நாளைக்கு வரச் சொல்லு. பேப்பரோட வரச் சொல்லு. பேப்பர் இல்லாம வந்தா கேட்டுக்கு வெளியவே நிக்க வெப்பேன்” என்றார். கிளம்பும்போது பூக்கார அம்மா கட்டிய மாலையை என்ன செய்வது என்று கேட்டார். பிள்ளையாருக்குப் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவே வேண்டாம் என்று அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அரக்கோணம் வண்டியோ திருவள்ளூர் வண்டியோ பிடித்தால் வேப்பம்பட்டில் இறங்கலாம் என்று லாட்ஜில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். முதலில் வந்தது பட்டாபிராம் வண்டி. எதுவரை போகிறதோ போகட்டும், பட்டாபிராமில் மாறிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். ஆவடி தாண்டியதும் எதிரே கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, “எங்க போவுணும்?” என்றார். சொன்னேன்.

“பட்டாபிராம்ல ரெண்டு ஸ்டேஷன் கீது, இது மிலிட்டரி சைடிங் போற வண்டிம்மா. தனியாப் பிரிஞ்சி போய் அதோட நின்னுடும். ஏறும்போது கேக்க மாட்ட?”

கேட்டிருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் நானாக முடிவு செய்வதுதான் என் வியாதி என்று எனக்கு அதற்குள் புரிய ஆரம்பித்திருந்தது. வண்டி ஆளில்லாத ஒரு ஸ்டேஷனில் போய் நின்று, இனிமேல் தண்டவாளம் கிடையாது என்பதுபோல் அணைந்துவிட்டது. வெயிலில் நடந்து, ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாக ஒரு கால் வெளியே தொங்க உட்கார்ந்து, சரியான பட்டாபிராமுக்கு வந்து, அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். எங்கள் கோலாலம்பூர் ரயிலில் ஒரு பெயருக்கு ஒரு ஸ்டேஷன்தான். அதையும் பிளாட்பாரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் தள்ளி உட்கார்ந்தார்.

வேப்பம்பட்டில் மனைகளுக்கு நடுவே செங்கல் தெரிய ஒரு வீடு. மொட்டைத் தளத்தில் சிமெண்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். காலமான ஏகாம்பரம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓஸ் பைப்போடு மேலே நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா களைப்பா தெரியவில்லை.

அவர் கீழே வந்து, கேட்டைத் திறக்காமலே கை நீட்டினார். என் அடையாள அட்டை, டீனின் கடிதம், செய்தி மடல் மூன்றையும் கொடுத்தேன். மடலின் கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“சக மாணவர்களால் பெரிதும் நேசிக்கப்பட்டவர்னு போட்டுக்கீதே, யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலை சார். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவேன்.”

“அமைதியாகக் காலமானார்?”

“அதுவும்தான்.”

அவர் கேட்டைத் திறந்தார். உள்ளே ஒரு அறைதான் பூசி முடித்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். விஷயம் முழுவதையும் சொன்னேன்: குணா, பேனர், பதிவேடு, கவிதா, நாளை சாயங்காலம் வரை கெடு. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வகுப்புக் குழுவில் வந்த இரங்கல்களைக் காட்டச் சொன்னார். என் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்துக்கொண்டே போனார்.

“எனக்கு அறுவது பேரு அழுதுக்கீறாங்க” என்றார் கடைசியில். “அரசிக்கு அங்கேர்ந்து ஒருத்தரும் அழல. நான்தான் யாருக்கும் சொல்லல. சொன்னா மட்டும் அவள யாருக்குத் தெரியும்?”

படிவத்தை எடுத்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், பட்டச் சான்றிதழைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். தாளைத் திருப்பினால் பின்பக்கம் ஒன்று இருந்தது. மூன்று நாளாகப் பையில் வைத்துச் சுமந்தவள் அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. ‘விண்ணப்பதாரரைப் படித்த காலத்தில் நேரில் அறிந்த ஒருவர், அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். எவ்வாறு அறிவார் என்பதையும் எழுத வேண்டும்.’

வேப்பம்பட்டில் அப்படி ஒருவரை எங்கே தேடுவேன்? குணா கிள்ளானில் இருக்கிறார். டீனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்ததற்காகக் குரலை நன்றாகத் தணித்துக்கொண்டு, அந்தப் பக்கம் இல்லாமல் செல்லாது என்றார். “இருபது வருடமாக அங்கேயே இருக்கிறாய், உனக்கு அவரைத் தெரியாதா?” என்று கேட்டார். ஆயிரக்கணக்கான மாணவர்கள், அதிலும் மாலை வகுப்பு. தெரியாது என்றேன்.

“தெரியும்னு போட்டுடுங்க மேடம். யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றார் ஏகாம்பரம். அவர் குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. “இந்த வேலய நம்பித்தான் தளமே போட்டேன். நாளைக்கு அந்தக் கடிதம் போவலேன்னா நான் ஃபிராடுன்னு ஆயிடும்.”

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதித்தான் சார் உங்களை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன். மறுபடியும் எழுதச் சொல்றீங்களா?”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கும்போதுதான் அவருக்குப் பின்னால், இன்னும் ஆணி அடிக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். சந்தனப் பொட்டு வைத்த பெரிய படம். பேனரில் வட்டத்துக்குள் இருந்த அதே பெண். இங்கே முகம் தெளிவாக இருந்தது.

“இவங்களா?” என்றேன். “இவங்களா தமிழரசி?”

கோலாலம்பூரில் எங்கள் பள்ளியின் மூன்றாவது மாடி நடைவழியில், என் அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச் உண்டு. இரண்டு வருடம், மாலை வகுப்பு இருக்கும் நாளெல்லாம், ஒரு பெண் அதில் வந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் தனியாக இருக்கப் பயம் என்று ஒரு நாள் சொன்னாள். படிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள், பழைய செய்தி மடல்களைக் கொடுத்தேன். மறுநாள் கதவைத் தட்டி, “அக்கா, இந்தப் போட்டோவுல ரெண்டு சாருங்க பேரு மாறிப் போயிருக்கு. இவருதான் அந்த ரூமுக்குப் போறவரு, அவரு இந்த ரூம்” என்றாள். அவள் சொன்னது சரி. அதன்பிறகு அச்சுக்குப் போகும் முன் சில பக்கங்களை அவளிடம் காட்டியிருக்கிறேன். பெயர்கூடக் கேட்டதில்லை. வகுப்பு முடிந்ததும் ஒல்லியாக, மீசையில்லாமல் ஒரு ஆள் வருவார். அவள் எழுந்து குடையை அவர் கையில் கொடுப்பாள், இருவரும் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்குவார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“லிஃப்டுன்னா அவளுக்குப் பயம் மேடம்” என்றார். பிறகு முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வெளியே ஓஸ் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளை கவிதாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மதியத்துக்குள் டீன் கடிதம் அனுப்பினார். ஏகாம்பரம் வேலையில் சேர்ந்துவிட்டார். இதைப் படிப்பவர்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்று வேப்பம்பட்டில், படிவத்தின் பின்பக்கத்தில், எவ்வாறு அறிவீர்கள் என்ற கேள்விக்கு எதிரே நான் எழுதினேன்: ‘இவர் மனைவி தமிழரசியை எனக்கு இரண்டு வருடம் தெரியும். இவர் வகுப்பு முடிந்து வரும்வரை அவர் என் அறை வாசலில் காத்திருப்பார். வந்த ஆள் இவர்தான்.’ கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அவ பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு போடணும் மேடம்.”

அந்தச் சொல்லை இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் அவரை நிமிர்ந்து பார்த்து, “போட்டுடட்டுமா சார்?” என்று கேட்டேன். அவர் தலையசைத்த பிறகும், எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது.